அத்தையின் எட்டு சிலிண்டர்

எங்கள் வீட்டில் மைலேஜ் என்ற சொல்லை முதலில் பேச ஆரம்பித்தவர் பெரியப்பா. அதுவரை அத்தையின் கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மாமா மாரடைப்பில் இறந்தபின் சிவகாசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே அந்தக் காரும் வந்தது. மாமாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பங்கு உண்டு; மனசு மட்டும் இன்ஜின்களில் கிடந்தது. சென்னையில் யாரோ கைகழுவிய பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்து, பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட வைத்திருந்தார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அதற்குள் எட்டு சிலிண்டர் இன்ஜின். அத்தைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அந்தக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். ஆகவே நம் ஊர்க் கார்களில் டிரைவர் உட்காரும் இடத்தில் நான் உட்காருவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தப் பொடிப் பெண்ணா வண்டி ஓட்டுகிறது என்று எதிரே வரும் பஸ்காரர்கள் திகைப்பார்கள். அதற்காகவே முதுகை நிமிர்த்தி விறைப்பாக இருப்பேன். சாயங்காலங்களில் வெம்பக்கோட்டை அணைவரை போவோம். அத்தை கரையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு திரும்பிவிடுவோம். வீட்டில் வாய் திறக்காதவள், அந்த வண்டியில் ஏறினால் பாட்டுக்கூடப் பாடுவாள்.

பெரியப்பா மகளைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வந்தார்கள். அன்று முன்னால் வரவேண்டாம் என்று அத்தையிடம் பெரியம்மா சொல்லியிருந்தாள். அதனால்தான் நாங்கள் அணைக்குப் போனோம். ஆனால் அவர்கள் கிளம்புவதற்குள் திரும்பிவிட்டோம். அந்த இன்ஜின் தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் கேசரி வாசனை பிடித்து உள்ளே ஓடியபோது, மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அது, ஓட்டிட்டு வாறது?"

"என் நாத்தனாருங்க" என்றாள் பெரியம்மா.

"புருசன் தவறிப்போனாருன்னு சொன்னீகளே, அவுகளா?"

பெரியம்மா கேசரிக் கரண்டியை எடுத்தாள். நான் தட்டை நீட்டினேன்.

மைலேஜ் பேச்சு மறுநாள் தொடங்கியது. "லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுக்கிற வண்டியை எவனாச்சும் வச்சிருப்பானா?" என்றார் பெரியப்பா. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சின்ன டீசல் இன்ஜின் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று முடிவாயிற்று.

"நான் வாரத்துக்கு ஒருக்கா மட்டும் எடுத்துக்கிடுதேண்ணே" என்றாள் அத்தை.

"வண்டி உன் வண்டிதாம்மா, யாரு இல்லைன்னா? இன்ஜினைத்தானே மாத்துறோம்."

பெரியப்பா அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை எப்படி மறுப்பது என்று அத்தைக்குத் தெரியவில்லை.

விருதுநகர் ஒர்க்‌ஷாப்புக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். ஆமத்தூர் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. அத்தை ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது; வேலிக்கருவை மரங்களெல்லாம் ஒரே பச்சைக் கோடாக ஓடின.

"பயமா இருக்காட்டி?"

"இன்னும் போங்கத்தை!"

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

சங்கிலி கட்டி இன்ஜினை மேலே தூக்கினார்கள். அந்தரத்தில் அது மெல்லச் சுற்றியது. மெக்கானிக்குக்கே மனசில்லை. "இந்த மாதிரி இன்ஜினுக்கு இனிமே காலம் இல்லம்மா. செஞ்சவனே நிப்பாட்டிட்டு வாரான். புகைக்குச் சட்டம் போட்டாச்சு, ஜனங்களும் மைலேஜ்தான் கேக்குறாக. நாளைக்கு எல்லாம் பேட்டரிதான்."

"இதை என்ன செய்வீக?"

"எடைக்குத்தாம்மா போகும்."

அத்தை போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவள் கையெல்லாம் கறுப்பாக இருந்தது. துடைச்சுக்கோங்கத்தை என்று என் கர்ச்சீப்பைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், துடைக்கவில்லை.

கார் திரும்பி வந்தபோது, ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் மாதிரி சத்தம் போட்டது. கூடவே ஒரு டிரைவரும் வந்தார். டீசல் வண்டிக்குப் பழகிய கை வேண்டுமாம். சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது. சீசனில் அந்தக் காரில் வெடிப் பெட்டிகளும் காலண்டர் மாதிரிகளும் போய்வந்தன. அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வருசம் பெரியப்பா தனக்கு ஒரு பெரிய புதுக் கார் வாங்கினார். அது குடித்த எண்ணெய்க்கு அளவே இல்லை. வீட்டில் ஒருவர்கூட மைலேஜ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. ஏசி ஜில்லென்று இருந்தது.

பெரிய இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுவதை இப்போது செய்திகளில் படிக்கிறேன். காற்று கெடுகிறது, எண்ணெய் தீர்கிறது என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். பெரியப்பா சொன்னதும் உண்மைதான். அதனால்தான் அத்தையால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவள் இன்றும் அதே வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்றாள். ஒருநாளும் தொடவில்லை.

டீசல் இன்ஜினோடு கார் வந்து நின்ற அன்று, செய்தியைச் சொல்ல மாடிக்கு ஓடியது நான்தான். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, லிட்டருக்குப் பதினஞ்சு குடுக்குதாம்! இனிமே எம்புட்டுத் தூரம் வேணாலும் போலாம்!"

அத்தை கையிலிருந்த சேலையை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"எங்கட்டி போக?"

அதை அவள் என்னிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். குற்றாலம், மதுரை, கன்னியாகுமரி என்று எனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினேன்.