இரண்டு தளங்களுக்கும் விடுமுறை

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்கும் இணையதளம் பார்த்துக்கொள்வது நான்தான். இரண்டும் ஒரே சர்வரில், ஒரே புரோகிராமில் ஓடுகின்றன. டொமைன் பெயர் மட்டும் வேறு.

கம்பெனியில் ஸ்டாக் எடுக்கும் நாளன்று தளத்தை மூடிவைக்கச் சொன்னார்கள். உள்ளே வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, 'இன்று விடுமுறை' என்று காட்டும் மிடில்வேர் ஒன்றை எழுதினேன். கம்பெனியின் டொமைனில் வருகிறவர்களை மட்டும் நிறுத்து என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அன்று காலை பத்தரைக்குக் கண் மருத்துவமனை டாக்டர் போன் செய்தார்.

"என்னம்மா, நம்ம சைட்ல இன்னைக்கு லீவுன்னு வருது? டோக்கன் போட ஒருத்தரும் வரல. ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு நேத்து லீவு கேட்டா. நான் குடுக்கல. அவதான் போட்டு வச்சிட்டாளா?"

கேட்ட நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "பாத்துச் சொல்றேன் சார்."

அந்த வரியைச் சேர்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 'சரியாயிருச்சு சார்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன். யார் தவறு என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு வேறு வேலையாக போன் செய்தபோது ரிசப்ஷனில் புதுக் குரல் கேட்டது. பழைய பெண் எங்கே என்று கேட்டேன்.

"முன்னாடி இருந்த அக்காவா? அவியள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ."

அன்று மதியச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அழுதுக்கிட்டே போச்சு அந்தப் பொண்ணு." அப்போதே அவளுக்கு போன் போட்டு, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். அவள் என்ன சொன்னாளோ, "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

வன்னியம்பட்டியில் அவள் வீட்டை விசாரித்துப் போனேன். உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எம்புட்டு தடவ சொன்னேன், நான் தொடவே இல்லன்னு. பிள்ளைக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா, அதுக்குத்தான் லீவு கேட்டேன். லீவும் இல்ல, வேலையும் இல்லன்னு ஆயிருச்சு."

"திரும்பப் போவீங்களாக்கா?"

"போமாட்டேன். கிருஷ்ணன்கோவில்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போறேன். பழைய எடத்துல எல்லாரும் பாத்த பார்வைய இனி மாத்த முடியாதுல்லா."

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"செத்த நேரத்துல பஸ் வந்துரும், கெளம்புங்க," என்றாள்.

வாசல்படி இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.