ரீசெட்டுக்குப் பூக் கேட்ட நாச்சிமுத்து

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கும் நாச்சிமுத்துவிடம் ஊரே அறிந்த இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, எதையும் தூக்கிப் போட மாட்டார். அறுந்த ஒற்றைக்கால் செருப்பைக்கூட எடுத்து வைத்திருப்பார். இன்னொன்று, மலையிலேயே பிறந்து ஐம்பத்து மூன்று வயதாகியும், அடிவாரம் போகிற பஸ்ஸில் எழுபது வளைவையும் வாந்தி எடுக்காமல் தாண்டியது கிடையாது.

போன மாதம் அவருடைய போனில் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. இப்போதே செய்யலாமா என்று போன் மரியாதையாகக் கேட்டதால், முகத்திலடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் சரி என்று அமுக்கிவிட்டார். அன்றோடு போன் படுத்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் பெயர் தெரியும்.

டீக்கடையில் இதற்காகக் கட்சி பிரிந்தது. "பெரிய அப்டேட் வந்தா ரீசெட் போட்டே தீரோணுங்க. இல்லாட்டி போனு தேறாது" என்றார் பஸ் கண்டக்டர் முரளி. "மெதுவா ஓடுனாலும் ஓடுதில்லீங்க? வுட்டுப்போடுங்க" என்றார் டீ ஆற்றுகிறவர். ரீசெட் போட்டால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. நாச்சிமுத்து டீயைக் குடிக்காமல் கீழே வைத்தது அங்கேதான்.

அந்தப் போன், பேசுகிற பேச்சையெல்லாம் தானாகவே பதிவு செய்து வைக்கிற ரகம். அதில் மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவு ஒன்று இருந்தது. வரப்பில் நின்ற சில்வர் ஓக் மரத்தை அண்ணன் சென்றாயன் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டார். அதில் ஏறியிருந்த நாச்சிமுத்துவின் மிளகுக்கொடியும் சேர்ந்து சாய்ந்தது. ஒரு வாரம் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டு, "தப்பு என்னுதுதான்டா" என்றார். பிறந்ததிலிருந்து தம்பியிடம் எதிலும் விட்டுக்கொடுக்காத அண்ணன்! அதற்குப் பிறகு அவர் நாலு பேர் முன்னால் அளக்கும்போதெல்லாம், நாச்சிமுத்து பலா மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, அந்த ஒரு வரியை மட்டும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, வயிறு நிறைந்த முகத்தோடு திரும்பி வருவார்.

"ஏனுங்க, இதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று மனைவி மாராயி கேட்பாள்.

முடிவெடுக்க முடியாமல் கடைசியில் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனார். பொண்ணு பார்க்கவும் போர்வெல் போடவும் கேட்கிற மாதிரியே வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ரீசெட், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"என்ன காரியமுங்க?" என்றார் பூசாரி சின்னுசாமி.

"செல்போனுங்க."

பூசாரி திரும்பிச் சாமியைப் பார்த்தார். சாமிக்கும் இது புதுசு. வெள்ளைதான் வந்தது. இன்னொருக்கா கேட்கலாமா என்று நாச்சிமுத்து கெஞ்சினார், மறுபடியும் வெள்ளை. மூன்றாம் முறைக்கு அவர் வாயைத் திறந்ததும் பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாமி சொன்ன பிறகு தட்ட முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் ரீசெட் போடத் தெரிந்தவர் ஒரே ஆள்தான்: வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அண்ணன் சென்றாயன். அடிவாரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற நவ்ஷாத்தின் கடை இருக்கிறது. ஆனால் அதற்கு எழுபது வளைவு இறங்க வேண்டும். அண்ணனிடமே போனார்.

சென்றாயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை நோண்டினார். "ரீசெட்டெல்லாம் எதுக்குடா? உள்ள எடமே இல்ல. ஏழாயிரம் பேச்சைச் சேத்து வெச்சிருக்கறே. இதை அழிச்சாலே போதும். எது வேணும்னு சொல்லு, அதை மட்டும் வுட்டுடறேன்."

"ஒன்னே ஒன்னுதானுங்கண்ணா."

"எது?"

பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. சென்றாயன் அதைத் தொட்டார்.

"தப்பு என்னுதுதான்டா" என்றது போன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

நாச்சிமுத்து நிறுத்தப் பாய்ந்தார். எப்போதும் அந்த வார்த்தையோடு நிறுத்துவதுதான் வழக்கம். அண்ணன் கூப்பிட்ட அன்றைக்கும் அது காதில் விழுந்ததும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு மாராயியிடம் சொல்ல ஓடியவர்தான். மிச்சத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. சென்றாயன் போனை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். பதிவில் அவர் குரல் தொடர்ந்தது.

"நாச்சி? லைன்ல இருக்கியாடா? ... சரி, கோவமா இருக்கறே. உன்ற கொடிக்கு ஈடா என்ற கெணத்துமேட்டு மரத்துல ரெண்டு கொடி ஏத்தி வுடறேன். அது உன்னுது. நான் தொட மாட்டேன். ... சாப்டியா?" பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதுவும் நின்றது.

"அந்த ரெண்டு கொடியும் இந்த வருசந்தான் காப்புப் புடிச்சுது," என்றார் சென்றாயன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பழுத்துப் பாதி கீழ கொட்டிருச்சு. நீ பறிக்க வருவே வருவேன்னு பாத்தேன். இன்னும் கோவம் போலன்னு வுட்டுட்டேன்."

நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன் அந்தப் பக்கம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்க, தான் அடுப்படியில் நின்று ஜெயித்துவிட்டேன் என்று குதித்ததை நினைத்தார். கண் கலங்கியது. ரீசார்ஜ் அட்டைகளைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை வெச்சுக்கறதா, அழிக்கறதா? சொல்லுடா."

"எல்லாத்தையும் அழிச்சுடுங்கண்ணா."

"இதையுமா?"

"இதையுந்தான். காத்தால கூடை எடுத்துட்டு வாரேன். ஏணியை மட்டும் நீங்க புடிச்சுக்குங்க."