தையலுக்கு விட்ட கால் அங்குலம்

பதினெட்டு வருஷம், அக்கா வீட்டு முன்னறையில், ஒரே போர்வையின் இந்த முனையில் நானும் அந்த முனையில் அவளும் உட்கார்ந்து தைத்திருக்கிறோம். துண்டுத் துணிகளை ஓரத்தில் தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டி இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, பெரிய கட்டிலுக்குப் போடும் ஒட்டுப்போர்வை. வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஒயிட் டவுன் கடைக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். எதிரே ஒருத்தி இழுத்துப் பிடிக்காவிட்டால் பஞ்சு சுருண்டுகொள்ளும்; தனியாளால் ஆகாது. அக்காவுக்கு அந்த வேலை உயிர். எனக்கோ, சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி இரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்தில் முள் குத்தியது. சதுரம், சதுரம், மறுபடியும் சதுரம். சே!

காலையில் நடக்கப் போகிறேன் என்று பழைய துறைமுகம் பக்கம் ஓடிவிடுவேன். திரும்பும்போது பை நிறைய நண்டு ஓடு, பூவரசங்காய், துருப்பிடித்த ஆணி, வலையிலிருந்து அறுந்த மிதவை. "குப்பை வண்டிக்காரன் தோத்தான் போ" என்பாள் அக்கா. சிரித்து மழுப்புவேன். வீட்டில் அவற்றைப் பரப்பிவைத்து வரைவது அவளுக்குத் தெரியாது. வரைகிறேன் என்று சொன்னால், தையலை விடப்போகிறேன் என்றும் சொல்லியாக வேண்டுமே!

ஒரு ஞாயிறு, தலைவலி என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் பெரிய நண்டு ஓடு ஒன்றை வரைந்தேன். தாள் சின்னது. இடப்பாதியை ஒன்றிலும் வலப்பாதியை இன்னொன்றிலும் வரைந்து சேர்த்து வைத்தால், நண்டு நடுவில் பன் மாதிரி உப்பிக் கிடக்கிறது. அளவு சரிதானே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, பூசை முடிந்த கையோடு, மாத்திரை வாங்கிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். ஒரே பார்வைதான்.

"அடிப்பாவி, தையலுக்குக் கால் அங்குலம் வுட்டு வரைஞ்சிருக்கியே! ரெண்டுலயும்! பேப்பர யாருடி தைக்கப் போறா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் மேசையிலிருந்த மற்றத் தாள்களையும் புரட்டினாள். கட்டுக் கட்டாக இருந்தன. சிரிப்பு நின்றது.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமாக்கா."

"அப்ப இனிமே வர மாட்ட."

"கையில இருக்கற போர்வைய முடிச்சிட்டு நின்னுக்கறேன்க்கா" என்றேன்.

அதை முடிக்க மூன்று வாரம் ஆனது. எதிரெதிரே உட்கார்ந்து, "கத்திரிக்கோலக் குடு" என்பதைத் தவிர ஒரு பேச்சில்லை. எனக்கு அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன.

நின்ற பிறகாவது நிம்மதி வந்ததா? எங்கே! நாலு நாள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. ஐந்தாம் நாள் மதியம் பொறுக்கமாட்டாமல் அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடிக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒரு போர்வை.

"தொட்டில் புள்ளைக்கு. ஒருத்தியா தைக்கற அளவு இதான்" என்றாள், தலை நிமிராமல்.

போர்வையின் ஓரம் சரிந்தது. யோசிக்காமல் கை நீண்டு பிடித்துவிட்டது. பட்டென்று என் கையில் அடித்தாள்.

"எடு கைய. இதுக்கா வுட்டுட்டுப் போன? போயி வரைடி."

கோபத்தில் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா, இன்றுவரை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கை எரிய எரிய வரைந்தேன்.