சிறுத்தையை அதட்டிய விசாலம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பி லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். பில்டிங் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. பாளையங்கோட்டையில் விசாலம் அக்கா மாரடைப்பில் காலமானார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போயிற்று. அக்கா வேலையை விட்டு ஊருக்குப் போய் ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. "ஊர்ல போயி நல்லாத் தூங்கணும் ஏட்டி" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷி. இப்படியா தூங்குவது!

ஷார்ஜாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். கிளினிக் ஒன்றில் லேப் டெக்னீஷியன். அவர் குரல் எப்படிப்பட்டது என்று நம் பில்டிங்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாடி தள்ளி இருப்பவர்களுக்கும் அவர் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். ரத்தம் கொடுக்க வரும் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார்களாம். "ஏல, கண்ண மூடுனா வலிக்காதுன்னு எவன் சொன்னான்? தொறந்து பாரு, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பாராம். அந்த வார்த்தையை எங்களிடமும் பல சமயங்களில் சொல்லியிருக்கிறார்.

என் மகள் நிலாவுக்கு ஏழு வயதிருக்கும்போது நடந்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஜூலை வெயிலில் இங்கே எல்லோரும் வெந்துகொண்டிருக்கும்போது ஓமானில் சலாலா மலைகள் மட்டும் சாரலும் மூடுபனியுமாகப் பச்சையாகிவிடும். பாலைவனத்தைக் குறுக்கே கடந்து காரில் போவது கல்ஃப் குடும்பங்களின் வழக்கம். நாங்களும் போனோம். நான், என் வீட்டுக்காரர் முரளி, நிலா, அக்கா. புளியோதரை, தயிர்சாதம், விரித்து உட்கார ஒரு பெரிய பிளாஸ்டிக் பாய். கூட்டம் வேண்டாம் என்று பிரதான சாலையை விட்டு விலகி, ஆளில்லாத ஒரு சரிவில் காரை நிறுத்தினோம். எல்லாம் என் யோசனைதான்!

மேய்ந்துகொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டியின் பின்னாலேயே நிலா போய்விட்டாள். திடீரென்று கன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நிலா மட்டும் நின்றாள். அவளுக்கு எதிரே, பாறைக்குப் பக்கத்தில், வெளிறிய உடம்பில் கரும்புள்ளிகளோடு ஒரு சிறுத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள். சிக்னலில் நிற்கும் காரின் முன்சீட்டில் சிவிங்கிப்புலி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகிய ஆட்கள் இல்லையா நாங்கள்! முரளி துளிகூடப் பதறவில்லை. "யாரோ அரபி வளக்குறதுடி. கழுத்துல பட்டை இருக்கும் பாரு" என்றார். போதாததற்கு மூடுபனியைப் பார்த்து, "பாய், யே கிஸ்கா ஹை?" என்று, இது யாருடையது என இந்தியில் கேட்டு உரிமையாளரைக் கூப்பிட்டார். நானும் பட்டையைத்தான் தேடினேன். கழுத்தில் ஒன்றுமில்லை. அது உடம்பைத் தாழ்த்தியது.

"நிலா! ஓடாத மக்கா. திரும்பாத. அதப் பாத்துக்கிட்டே பின்னால வா." அக்காதான். சொல்லிக்கொண்டே பாயை உதறி எடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஏல! என்னல பாக்க? சின்னப் புள்ளகிட்டயா ஒன் வீரத்தக் காட்டுத? போல அங்கிட்டு!"

நிலா ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னால் வந்து அக்காவின் காலில் முட்டினாள். அக்கா குனியவே இல்லை. ஏசுவதையும் நிறுத்தவில்லை. சிறுத்தை அந்தப் பாயையும் அக்காவையும் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல் திரும்பி, பனிக்குள் போய்விட்டது. எத்தனை அழகான நடை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கார் கதவை மூடிய பிறகுதான் அக்காவுக்கு நடுக்கம் வந்தது. "தண்ணி குடு ஏட்டி. காலு ரெண்டும் எங்கிட்டோ போயிட்டு" என்றார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டேன். "எங்க தெரு நாய்கிட்ட ஓடிப் பாத்திருக்கேன். கடி வாங்குனவளுக்குத் தெரியாதா?" நிலா அழவில்லை. "அது வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். "போயிட்டு மக்கா. அதுக்கும் வேல இருக்கும்லா" என்றார் அக்கா.

பயந்தவள் நான்தான். ஷார்ஜா திரும்பியதிலிருந்து நிலாவின் மணிக்கட்டை நான் விடவில்லை. மாலில் பிடித்தேன், லிஃப்டில் பிடித்தேன், ஸ்கூல் பஸ் படி வரைக்கும் பிடித்தேன். கீழ் மாடியில் தோழியின் பிறந்தநாளுக்குக்கூட அனுப்பவில்லை. அவளும் மெல்ல மெல்ல என் புடவைக்குள் ஒளிகிற பிள்ளையாகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அக்கா டீ குடிக்க வந்தார். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார்.

"சிறுத்தகிட்டேருந்து மீட்டு ஒங்கிட்டதானட்டி குடுத்தேன்? நீ கவ்வுனத விடமாட்டேங்கியே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அதைச் சட்டை செய்யவில்லை. நிலாவைக் கூப்பிட்டு, "கீழ கிராசரில கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று அனுப்பினார். நான் பால்கனிக்கு ஓடினேன். "உள்ள வா. அவளே வருவா" என்றார். வந்தாள், முகமெல்லாம் பல்லாக, கையில் ஒரு கட்டுப் புதினாவோடு. "நல்லவேள, எனக்கும் புதினாச் சட்னிதான் திங்கணும்போல இருந்துச்சு" என்று சொல்லி அக்கா அரைக்கப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நிலாதான்.

ஆனாலும் நான் முழுதாகத் திருந்தவில்லை. நிலா இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து எங்கே கிளம்பினாலும் என் தம்பி கூடப் போவான். தனியாக அவளை நான் பஸ் ஏறவிட்டதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை என்னால் ஊருக்குக் கிளம்ப முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம், பாஸ்போர்ட் கையில் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நிலா போன் செய்தாள். "ம்மா, ஐ ஆம் கோயிங். பாளையங்கோட்டை பஸ்ல ஏறிட்டேன்." போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. யார் கூட, எந்த பஸ், மாமாவிடம் சொன்னாயா, எல்லாம் என் தொண்டை வரைக்கும் வந்தன. "போயிட்டு வாடி. எனக்கும் சேத்து ஒரு மாலை போடு" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அந்தத் தைரியத்தை அல்ல. அது எனக்கு வராது. பயந்து நடுங்கிக்கொண்டே விடுவதற்குக் கற்றுக்கொண்டேன், அது போதும்.

விட்டுவிட்டேன் அக்கா. அவள் தனியாக வந்த முதல் ஊர் உங்கள் ஊர்தான்.