போணி ஆனால் உட்காரலாம்

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்தபோது, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் நான் தரைத்தள மேனேஜராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறவில்லை. மீறியிருந்தால் அபராதம் கட்டிவிட்டு மறந்திருப்பேன். மீறாமலே ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எங்கள் கடை சின்னதாக இருந்தபோது தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். சேலை காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார். பிறகு கடை மூன்று மாடியாக உயர்ந்தது. கண்ணாடி கவுன்டரும் ஏ.சி.யும் வந்தன. வாங்க வருகிறவர்களுக்கு மெத்தென்று நாற்காலி போட்டார்கள். காட்டுகிறவர் அன்றைக்கு எழுந்து நின்றவர்தான். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நானும் பதினாறு வருஷம் அப்படி நின்றவன். மேனேஜர் ஆனதும் மாடிப்படி ஓரத்தில் எனக்கு ஒரு சுழல் நாற்காலி கொடுத்தார்கள். அந்தப் பதினாறு வருஷத்தை ஒரே வாரத்தில் மறந்துவிட்டேன்.

சட்டம் வந்ததும் வியாபாரிகள் சங்கத்திலிருந்து முதலாளிக்கு ஒரு தாள் வந்தது. அதை என்னிடம் நீட்டி, "ஸ்டூலு வாங்கிப் போட்டுடுப்பா. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா வம்பு" என்றார். பிளாஸ்டிக் ஸ்டூலின் விளிம்பில் பட்டு மாட்டினால் இழை இழுத்துக்கொள்ளும். அதனால் மரத்தில் செய்யச் சொல்லி, மேலே துணி உறையும் தைத்து, கவுன்டருக்கு இரண்டு போட்டேன். அவ்வளவு அக்கறை எனக்கு, சேலையின் மேல்.

முதல் நாள் எல்லோரும் ஆசையாக உட்கார்ந்தார்கள். மதியம் முதலாளி கீழே இறங்கி வந்தார். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே, "இன்னாபா இது, எல்லாரும் பந்திக்கு உக்காந்தா மாதிரி உக்காந்துக்கினு இருக்குறாங்க?" என்றார். ஸ்டூலை எடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழி அவர் தலையில் விழுந்திருக்கும். குறிப்பறிந்து நடப்பதில் நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

அன்றைய முதல் விற்பனையைப் போணி என்போம். போணி ஆகும்வரை எங்கள் கடையில் முதலாளிகூட உட்கார மாட்டார். கடை முழுக்க எங்கேயாவது ஒரு துண்டுத் துணி விற்றுவிட்டால் போதும், அன்றைக்குப் போணி ஆகிவிட்டது என்று அர்த்தம். திறந்த கால் மணியில் அது நடந்துவிடும். நான் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். மறுநாள் காலை விளக்கேற்றி முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, "ஸ்டூலு உங்களுக்குத்தான். ஆனா போணி ஆவாம உக்காந்தா வியாபாரம் படுத்துக்கும். அவங்கவங்க கவுன்டர்ல போணி ஆனதும் தாராளமா உக்காருங்க" என்றேன். சட்டத்தைப் பற்றி வாதாடலாம். போணியைப் பற்றி எங்கள் ஊர்க் கடையில் யார் வாதாடுவார்கள்? முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகூர்த்தப் பட்டு கவுன்டரில் பத்து மணிக்குள் போணி ஆகிவிடும். ஆனால் அங்கே கூட்டம் இருப்பதால் அவர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. கோடியில் ஒன்பது கஜப் புடவை கவுன்டர் இருந்தது. மடிசார் கட்டுகிற வீட்டுக்காரர்களும், அம்மனுக்குச் சாத்த வாங்குகிறவர்களும்தான் அங்கே வருவார்கள். சில நாள் ஒருவர்கூட வர மாட்டார். உட்கார நேரம் கிடைத்த ஒரே கவுன்டர் அதுதான், என் விதிப்படி உட்கார முடியாத கவுன்டரும் அதுதான்.

அங்கே நின்றவர் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அம்மா. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், எங்கள் கடையில் பன்னிரண்டு வருஷம். முகூர்த்தக் கவுன்டருக்குச் சின்ன வயசு முகம் வேண்டும் என்று அவரைக் கோடிக்கு மாற்றியவன் நான்தான். அவர் காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். அதன் மேல் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வருவார். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்பார்.

விதி போட்ட நாலாம் நாள் என் நாற்காலியருகே வந்தார். "சார், என் கவுன்டர்ல போணியே ஆவ மாட்டுது. நான் மட்டும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?" என்றார்.

"உனக்கு மட்டும் தனிச் சட்டமாம்மா?" என்றேன். சட்டமே அவரைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது என்பது உட்கார்ந்துகொண்டு பேசிய எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர், "சரி சார்" என்று போய்விட்டார்.

சில வாரம் கழித்து அந்தக் கவுன்டரில் அவ்வப்போது காலையிலேயே போணி ஆக ஆரம்பித்தது. எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "பாருங்க, ஓடாத கவுன்டர ஓட வச்சிட்டாங்க. போணிக்கு மதிப்பு குடுத்தா வியாபாரம் தன்னால வரும்" என்று பிரசங்கம் செய்தேன். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் அவர் டிபன் டப்பாவை எடுக்கும்போது பை சரிந்து, அதிலிருந்து ஏழெட்டு ஜாக்கெட் பிட்டுகள் விழுந்தன. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற சாதாரணப் பருத்தித் துணி. ஒன்பது கஜக் கவுன்டரின் கீழ்த்தட்டில் அடுக்கியிருப்போம், எங்கள் கடையிலேயே மலிவான சரக்கு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், "இன்னாம்மா இது? எத்தினி நாளா நடக்குது?" என்று கத்தினேன்.

அவர் பதறவில்லை. ஒவ்வொரு துணிக்குள்ளிருந்தும் மடித்து வைத்த பில்லை எடுத்து மேஜை மேல் வைத்தார். எல்லாவற்றுக்கும் பில் இருந்தது.

"போணிக்கு வாங்கினது சார். கால் ரொம்பக் குத்துற நாள்ல மட்டும்தான். ஊர்ல யாருக்குனா மஞ்சள் குங்குமத்தோட வச்சிக் குடுக்கலாம், வீணாவாது" என்றார்.

உட்காருவதற்காக அவர் தன் கூலியிலிருந்து எங்கள் கடைக்கே வியாபாரம் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் நான் பிரசங்கம் செய்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே, இனிமேல் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால் இத்தனை நாள் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே. "சரி, சரி, உள்ள எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். விதியை நான் நீக்கியது அதற்குப் பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

பத்தாம் நாள்தான் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். ஸ்டூல்களை எண்ணினார், துணி உறையைத் தொட்டுப் பார்த்து, "பரவால்லியே" என்றார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கடைசியாக ஒன்பது கஜக் கவுன்டருக்கு வந்தோம். வாங்க வந்தவர் யாருமில்லை. அந்த அம்மா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது.

"ஏம்மா நிக்கறீங்க? உக்காருங்க" என்றார் ஆய்வாளர்.

"இருக்கட்டும்மா, இன்னும் போணி ஆவல."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "போணி ஆவறதுக்கும் உக்கார்றதுக்கும் இன்னா சம்பந்தம்?"

யோசிக்கக்கூட இல்லை, பதில் தயாராக வைத்திருந்தவன் போலச் சொன்னேன். "அது அவங்களா வச்சிக்கினு இருக்குற நம்பிக்கை மேடம். பழைய ஆளு. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

பக்கத்துக் கவுன்டர்களில் சேலை மடிக்கிற சத்தம் நின்றுபோனது. ஆய்வாளர் அந்த அம்மாவிடம், "அப்படியாம்மா?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆமாம்மா. எனக்குத்தான் மனசு ஒப்பல" என்றார்.

ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு, மேல் மாடிகளைப் பார்க்கப் படியேறினார். மேலே இருந்த முதலாளி அங்கே அவர் கூடச் சேர்ந்துகொண்டார். நான் கவுன்டரருகே நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாதான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் பாட்டுக்குப் போணின்னு வாய விட்டுட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல சார்?"

ஸ்டூலை நானே இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். "உக்காருங்கம்மா" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அவரை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் மாடிப்படியைப் பார்த்தார். "அந்தம்மா மேலதான சார் இருக்குறாங்க. எறங்கி வரப்போ நான் உக்காந்துக்கினு இருந்தா, நீங்க சொன்னது பொய்யாப் பூடும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைக் கவுன்டருக்கு அடியில் தள்ளிவிட்டு நின்றார்.

ஆய்வாளர் இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆனது.