இடது பக்கத்துச் சத்தம்

சாரக்காரர் தன் மச்சானிடம் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அதற்கு முன்னால் யாரிடமும் கைநீட்டாத மனிதர். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர், ஒவ்வொன்றாகச் சேர்த்து இருநூறு சாரக் குழாய்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். எட்டு மாடிக்கும் சாரம் கட்டியிருக்கிறார். ஒரு பிணைப்பு நெகிழ்ந்தது என்று எவனும் சொன்னதில்லை.

கடன் காது வழியாக வந்தது. முதலில் இடது காதில் இரைச்சல். பிறகு தரை படகாக ஆடியது. கேட்பதையும் நிதானத்தையும் சுமந்துபோகும் நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைகிற இடத்திலேயே கோலிக்குண்டு அளவு கட்டி என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சைக்கு மச்சான் பணம் கட்டினார். கட்டி போயிற்று, கூடவே இடது காதும் போயிற்று. இடது கன்னம் மரத்துவிட்டது. கிள்ளினால் வேறு யாருடைய கன்னமோ.

"ரெண்டு காதால கேட்டு மட்டும் என்னத்தக் கண்டேன்?" என்று மனைவியிடம் சொன்னார்.

"வீம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எங்க, கண்ண மூடிட்டு நில்லுங்க பாப்போம்." முகத்தில் சோப்புப் போடும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொள்வதை அவள் பார்த்திருந்தாள்.

கடன் அடையவேண்டுமே. மறுபடி ஏறினார். மூன்றாம் தட்டில் நின்றபோது, "அண்ணே, குழாய்!" என்று ஒரு கத்தல். சத்தம் வரும் பக்கத்தை விட்டு மறுபக்கம் சாய்வதுதான் சாரத்துப் பழக்கம். வலப்பக்கம் கேட்டது, இடப்பக்கம் சாய்ந்தார். குழாய் இடது தோளை உரசிக்கொண்டு இறங்கி, கீழே மணலில் குத்தி நின்றது.

இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் மூளைத்தண்டு திசை சொல்லும், இனி உங்களுக்கு எல்லாச் சத்தமும் வலதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சும்மா தலையாட்டி வைத்தார்.

பயம் வரவில்லை. கோபமும் வரவில்லை. படிப்படியாக இறங்கினார்.

"அடி கிடி பட்டுச்சாண்ணே?" மேஸ்திரி ஓடிவந்தார்.

"இல்ல. என் குழாய் மொத்தத்தையும் என்ன வெலைக்கு எடுத்துக்குவ?"

"வெளயாடுறீங்களா?"

"நாப்பதுக்குக் கொறையாம சொல்லு."

சாயங்காலம் மனைவியோடு மச்சான் வீட்டு வாசலில் நின்றார். மச்சான் இடப்பக்கமாக வந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது.

"தம்பி இப்ப பணம் வேணாங்குறான்," என்றாள் மனைவி, வலப்பக்கமிருந்து.

"கேட்டுச்சு. கைய நீட்டச் சொல்லு."

நீட்டிய உள்ளங்கையில், ஐந்நூறு ஐந்நூறாக, எண்பது தாள்களையும் எண்ணி வைத்தார்.