மண்வெட்டியைக் கீழே வைத்தவன்

என் வீட்டில் குடியிருந்த பையன்களிலேயே அதிகம் வாய் திறக்காதவன் மொகேத்தி. மலைநாடான லெசோத்தோவிலிருந்து கானாவுக்கு வந்து எங்கள் குமாசி நகரத்தில் தண்ணீர்ப் பொறியியல் படித்தான். படிப்பு முடிந்ததும் மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டினார்கள். இவன் மட்டும் இங்கேதான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சொந்த ஊரில் வேலை கிடையாது; அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவன் கையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றால் ஆயிற்றா? அவன் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. எங்கே போனாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்குக் காரி மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சர்க்கரை கலந்து குடித்துவிட்டு மறுபடி கிளம்புவான்.

"டேய், உன் கோட்டு உன்னைவிட இளைச்சுப்போச்சு. பேசாம ஊரைப் பார்த்துப் போய்ச் சேரேன்டா" என்பேன்.

"இன்னும் ஒரே ஒரு இடம், ஆன்ட்டி" என்பான். அந்த ஒரே ஒரு இடம் மட்டும் தீரவே தீராது.

கடைசியில் ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனி ஒன்று வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. குதித்துக்கொண்டு வருவான் என்று பார்த்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். சொந்த வீடுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர் இவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம், அதுவும் திங்கட்கிழமைக்குள். இல்லாவிட்டால் வேலை அடுத்தவனுக்கு. வேலை இல்லையென்றால் இந்த நாட்டில் தங்கவும் முடியாது.

வீட்டை நான் பார்த்துக்கொண்டாலும் பத்திரம் ஃப்ரிம்போங் மாமாவின் பெயரில் இருக்கிறது. எங்கள் அம்மா வழிக் குடும்பத்துக்கு அவர்தான் தலை. போய்க் கேட்டேன். கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"கம்பெனி மெஷினைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்னா எந்த மலையில ஏறி அவனைத் தேடுறது? உனக்கு அறிவு இருக்கா, செர்வா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான், சில நாள் முன்பு இறந்துபோன என் அண்ணன் கோஜோவின் அடக்கம். கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி உடுத்தி ஊரே திரண்டிருந்தது. மொகேத்தியிடம் கறுப்பு என்று இருந்தது அந்த இன்டர்வியூ கோட்டு ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் ஓரமாக நிற்கக்கூடாதா?

பெட்டியை இறக்கியதும் கூலிக்கு வந்த ஆட்கள் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்கள். இவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அங்கே கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்துத் தானும் மண்ணைத் தள்ளினான். கொஞ்ச நேரம் தள்ளிவிட்டு மண்வெட்டியைத் தரையில் வைத்தான். பின்னால் நகர்ந்து எங்கள் ஆண்களைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. திரும்பக் குனிந்து அவனே எடுத்தான்.

"யாருடா அவன்? கூலி குடுக்க நமக்கு வக்கில்லைன்னு ஊருக்குக் காட்டுறானா?" என்று மாமா கத்தினார்.

பின்னால் சிரிப்புச் சத்தம். "ஜாமீனுக்காகக் கூத்தடிக்கிறான்" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது, பொய் சொல்வானேன். மானம் போகிறதே என்று தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவனோ குழி மூடும்வரை விடவில்லை. போடுவான், கீழே வைப்பான், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான், மறுபடி தானே எடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமா அவனைக் கூப்பிட்டார்.

"நேத்து என்னப்பா அந்த ஆட்டம் ஆடுனே? என் கையெழுத்துக்குத்தானே?"

மொகேத்திக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன்.

"உங்க கையெழுத்தே வேண்டாம், தாத்தா. எங்க ஊர்ல குழியை ஆம்பளைங்க நாங்களே மூடுவோம், கூலிக்கு விடமாட்டோம். ஒருத்தன் கொஞ்சம் போட்டுட்டு மண்வெட்டியைக் கீழே வைப்பான். கைக்குக் கை கொடுக்கக் கூடாது. அடுத்தவன் தானா வந்து எடுக்கணும்."

"இங்கதான் ஒருத்தரும் எடுக்கலையே. மண்வெட்டியைப் போட்டுட்டு வரவேண்டியதுதானே?" என்றேன் நான்.

"போன வருஷம் எங்கப்பா செத்தப்போ நான் இங்க பரீட்சை எழுதிட்டிருந்தேன், ஆன்ட்டி. போக முடியலை. மூத்த பையன் நான் போடவேண்டிய மண்ணை வேற யாரோ போட்டிருக்காங்க. யாருன்னுகூட எனக்குத் தெரியாது. கோஜோ அண்ணன் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாரு. பாதியில எப்படி விட்டுட்டு வர்றது?"

ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவன் அப்பா இறந்த செய்தியை அன்றைக்குத்தான் கேட்கிறேன். மாமா தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார். போச்சு, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். நான்தான் திட்டிக் கிளப்பினேன். காலில் விழுந்தாவது இரண்டு நாள் தவணை கேட்போம் என்று கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால், துக்கத் துணியைக்கூட மாற்றாமல், வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருக்கிறார்! மேனேஜரோடு ஏற்கெனவே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டேன், பெரியவரே."

"என் மருமகனைப் புதைச்சவன். எழுதிக்கோ."

"சரி, நாளைக்கு இவர் ஓடிப்போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஓடுவான்? அவன் ஊருக்குத்தானே? நான் எப்படியும் அங்க ஒரு தடவை போகணும். அவங்கப்பன் குழியில நான் ஒரு கை மண்ணு போடவேண்டியிருக்கு."

மொகேத்தி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கோட்டின் கைமடிப்பில் அந்தச் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

மாமா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அவனும் போட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவுக்குக் கையை நீட்டினான். மாமா கொடுக்கவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"எடு. உங்க ஊர்லதான் கைக்குக் கை குடுக்க மாட்டீங்களே."

"அது மண்வெட்டிக்கு மட்டும்தான், தாத்தா" என்றான் அவன்.

"எனக்கு என்னடா தெரியும்? எடுத்துக் கையெழுத்தைப் போடு."